ட்ரெபிள் மூன்றில்

இராஜபாளையம்
10.1.1988

அன்புள்ள அக்கா ஜெயபாய்க்கு,

தம்பி பொன்னுராஜ் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் பரிபூரணமும் பாப்பாவும் சுகம். பம்பாயில் உங்கள் முட்டி வலி, அத்தானின் இருமல் இரண்டும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுதவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் ஐயாதுரை என்று ஒருவர் இன்னிசைக் குழு வைத்திருக்கிறார். மாதம் இருபது கச்சேரிக்குக் குறையாது. அவருக்கு நிரந்தரமாக ஒரு லீட் கிட்டார் ஆள் வேண்டுமாம். மே கடைசியில் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். பிடித்துவிட்டால் மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பன்னிரண்டு வருஷமாகப் பகலில் நூல் மில், சாயங்காலம் காதர் பாய் குழுவில் வாசிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். இது அமையாவிட்டால் தலை நரைக்கிற வரைக்கும் ஸ்பின்னிங் மெஷினுக்கு முன்னால் நின்று அறுந்த இழையை ஒட்ட வேண்டியதுதான்.

ஒரே ஒரு தடங்கல். என் கிட்டாரின் டோன் செத்துக்கொண்டு வருகிறது. மேல் கம்பியில் ஒரு மினுமினுப்பு இருக்குமே, உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அது மங்கி மங்கி இப்போது சுத்தமாக இல்லை. கம்பி மாற்றினேன், வயர் மாற்றினேன், காதர் பாயின் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றித் துடைத்தும் பார்த்துவிட்டேன். கல்கத்தாவில் செய்த கிட்டார், பதினான்கு வருஷம் உழைத்துவிட்டது, அதுவும் என்ன செய்யும். பம்பாயில் வெளிநாட்டுக் கம்பி கிடைக்கும் என்கிறார்கள். ஒரு செட் அனுப்பி வையுங்கள். பாப்பா அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

உங்கள் தம்பி,
பொன்னுராஜ்


பம்பாய்
2.2.1988

பாசமுள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். முட்டி வலி முட்டியில்தான் இருக்கிறது, வேறெங்கும் குடிபோகவில்லை. அத்தானின் இருமல் பீடியை விட்டால்தான் அவரை விடும். நீங்கள் மூவரும் சுகமாயிருப்பது அறிந்து சந்தோஷம்.

கம்பி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரன் கல்யாணத் தரகன் மாதிரி அவ்வளவு பெருமை பேசி விற்றான். ஆனால் தம்பி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதையாகிவிடப் போகிறது.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக்கு ஒரு கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்தாரே, காலர் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு, நினைவிருக்கிறதா? அப்போதுதான் நீ இந்தக் கிட்டாரை வாங்கியிருந்தாய். அதை உன் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, "ஏலே, இதுல ஒரு கம்பியக் காணோமே" என்றார். நீ முழித்தாய். "சரி, இருக்கதை வெச்சு ஓட்டுவோம்" என்று ஐந்து கம்பியிலேயே வாசித்தார். சபையே எழுந்து நின்றது. அதே கிட்டார், அதே பெட்டி. அவர் கை வேறு. பத்து வருஷம் சபையில் ஆர்மோனியம் வாசித்தவள் சொல்கிறேன், சத்தம் விரலில்தான் இருக்கிறது.

ஒரு கேசட்டில் வாசித்து அனுப்பு. கேட்டுவிட்டு எங்கே கோணல் என்று சொல்கிறேன். பரிபூரணத்தை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அன்பு அக்கா,
ஜெயபாய்


இராஜபாளையம்
6.3.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். அத்தானிடம் பீடியை விடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டதாகச் சொல்லவும்.

வெளிநாட்டுக் கம்பியும் உள்நாட்டுக் கம்பி மாதிரிதான். இரண்டு நாள் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது, பிறகு பழைய கதை. விரல் விரல் என்கிறீர்கள். என் விரலுக்கு என்ன வந்தது? அதே விரல், அதே வேகம், போன வருஷத்தைவிடச் சுத்தமாகவே விழுகிறது. கருவி ஒத்துழைக்காவிட்டால் விரல் என்ன செய்யும்? மழுங்கின அரிவாளைக் கொடுத்து அறுப்புக்கு அனுப்பினால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

குற்றம் எங்கே என்று போன வாரம் கண்டுபிடித்தேன். மைக் செட் ஹுமாயூன் இருக்கிறானே, காதர் பாயின் மருமகன், அவன் வேலை இது. ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் திருகை நான் பத்தில் வைத்துவிட்டு மேடை ஏறுகிறேன். இடைவேளையில் வந்து பார்க்கிறேன், மூன்றில் நிற்கிறது! கையும் களவுமாகப் பிடித்தேன். "ஏலே, வாசிக்கது நானா நீயா?" என்று கேட்டேன். "அண்ணே, பத்துல வெச்சா கூட்டம் எந்திரிச்சுப் போயிரும்ணே" என்கிறான். பொறாமை, வேறொன்றும் இல்லை. மதுரை விஷயம் காற்றில் பரவிவிட்டது.

கேசட் அனுப்பியிருக்கிறேன். இதில் திருகு பத்தில், யாரும் கை வைக்கவில்லை. அப்படியும் மினுமினுப்பு போதவில்லைதான். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். மில்லுக்கு ராஜினாமா எழுதலாமா வேண்டாமா? இந்த உலகத்தில் நான் நம்புகிற காது உங்களுடையதுதான்.

உங்கள் தம்பி,
பொன்னுராஜ்


பம்பாய்
20.4.1988

பாசமுள்ள தம்பிக்கு,

சுகம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் தண்ணீர்ப் பாடு, அத்தானுக்கு ஷிஃப்ட் மாற்றம்.

கேசட் வந்தது. எங்கள் டேப் ரிக்கார்டர் பழசு, அதில் எல்லாமே கொஞ்சம் கீச்சென்றுதான் கேட்கிறது. அத்தான் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார், அவருக்குத் தலைவலி. நன்றாகத்தான் வாசித்திருக்கிறாய். விரல் ஓட்டம் சுத்தம்.

நீ சொல்கிறபடி கருவிதான் காரணமாக இருக்கலாம். அத்தானின் கூட்டாளி ஒருவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஜப்பான் கிட்டார் ஒன்று கொண்டுவர முடியுமா என்று அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். ராஜினாமாவுக்கு அவசரம் வேண்டாம்.

வெயில் கடுமை. பாப்பாவைக் கவனித்துக்கொள்ளவும்.

ஜெயபாய்


இராஜபாளையம்
5.5.1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தைப் பரிபூரணத்துக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கடைசியில் கருவிதான் என்று ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்! ஜப்பான் கிட்டார் மட்டும் வந்துவிட்டால் ஐயாதுரை என்ன, அவருக்கு மேலே இருப்பவர்களும் தேடி வருவார்கள்.

காதர் பாய் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வ. புதுப்பட்டியில் ஒரு கல்யாணம். ஹுமாயூனைத் திருகுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வாசித்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பெண் வீட்டார் நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் போட்டார்கள். பட்டிக்காட்டு ஜனங்களுக்குக் கிட்டார் என்ன தெரியும் என்று நான் பாட்டுக்கு வாசித்தேன். முடிந்ததும் காதர் பாய் தனியாகக் கூப்பிட்டு, "பொன்னுராசு, ஒரு வருசமாச் சொல்லாம இருந்தேன். காது கூசுதுப்பா. ஹுமாயூனும் எம்புட்டு நாளைக்குத்தான் ஒளிச்சு ஒளிச்சுக் குறைப்பான்?" என்றார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இனி மதுரை ஒன்றுதான். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி கொடுத்துவிடுவேன். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

பொன்னுராஜ்


இராஜபாளையம்
12.5.1988

மதிப்புக்குரிய மதினி அவர்களுக்கு,

பரிபூரணம் எழுதுவது. நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஜெபிக்கிறேன். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், பதில் எழுதினால் அதற்கே எழுதுங்கள்.

மதினி, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சில மாதமாக நான் பேசினால் பதில் சொல்வதில்லை. என் மேல் கோபம் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்தேன். பிறகு கவனித்தேன். முகத்துக்கு நேரே சொன்னால் எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. முதுகுக்குப் பின்னால் சொன்னால் வருவதில்லை. மில்லில் மெஷின் இரைச்சலில் யாரும் யார் குரலையும் கேட்க முடியாதாம். வாய் அசைவைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேசிக்கொள்வார்களாம். வீட்டிலும் அப்படியே என் வாயைப் பார்த்துப் பேசுகிறார். நான்தான் இத்தனை நாள், ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குக்கர் ஏழெட்டு விசில் அடித்துப் பருப்பு தீய்ந்து போனது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, "ஏட்டி, பாப்பா கொலுச ஏன் கழட்டுன?" என்று சண்டைக்கு வந்தார். பாப்பா அந்தக் கொலுசைப் போட்டுக்கொண்டு அவர் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பார்த்தார். நான் அடுப்படிக்குள் போன பிறகு அவளைத் தூக்கி மடியில் வைத்து, காலைத் தன் காதோரம் கொண்டுபோய் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் இறக்கி விட்டுவிட்டார்.

கிட்டார் சத்தம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது மதினி. பாப்பா அழுகிறாள். மதுரையில் போய் இப்படி வாசித்தால் என்ன ஆகும்? மில் வேலையும் போய், இதுவும் இல்லை என்றால் அவர் தாங்க மாட்டார். நான் சொன்னால் கொந்தளித்துவிடுவார். உங்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு. தயவுசெய்து நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பரிபூரணம்


பம்பாய்
18.5.1988

பாசமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் பொய் எழுதினேன். எங்கள் டேப் ரிக்கார்டரில் ஒரு கோளாறும் இல்லை. உன் கேசட்டை மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. மேல் கம்பி வரும்போதெல்லாம் பல் கூசியது. விரல் சுத்தம், தாளம் சுத்தம், சத்தம் மட்டும் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. ஆனால் நீயோ மினுமினுப்பு போதவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. எழுதப் பயந்துகொண்டு கருவியின் மேல் பழியைப் போட்டேன். என்னை நம்பிக் கேட்டவனுக்கு இப்படிச் செய்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பொன்னுராஜ், கிட்டார் கெடவில்லை. கம்பியும் கெடவில்லை. ஹுமாயூன் உனக்குத் துரோகம் செய்யவில்லை, உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். மெல்லிய சத்தம் உனக்கு விழாமல் போய்க்கொண்டிருக்கிறது. அது விழ வேண்டும் என்று நீ திருகைத் திருகுகிறாய், எங்களுக்கெல்லாம் காது கிழிகிறது. பன்னிரண்டு வருஷம் அந்த இரைச்சலில் நின்றவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

மதுரையில் நல்ல காது டாக்டரைப் பார். பார்க்காமல் ராஜினாமாவைக் கொடுக்காதே. ஐயாதுரையிடம் தவணை கேள். உனக்குக் கோபம் வரும். என் மேல் கோபப்படு, வேறு யார் மேலும் காட்டாதே.

உன் அக்கா,
ஜெயபாய்


இராஜபாளையம்
26.5.1988

கடிதம் கிடைத்தது. ஜப்பான் கிட்டார் அனுப்ப வேண்டாம்.

பொன்னுராஜ்


பம்பாய்
15.8.1988

பாசமுள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் கேட்டு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. பரிபூரணமும் எழுதவில்லை. தபால்காரன் தெருவில் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன்.

தப்பாக எழுதியிருந்தால் நேரில் வந்து இரண்டு அறை அறைந்துவிட்டுப் போ. பேசாமல் இருக்காதே. ஒரு கார்டில் "சுகம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அக்கா


இராஜபாளையம்
2.12.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பரிபூரணமும் பாப்பாவும் சுகம். உங்கள் முட்டி, அத்தானின் நெஞ்சு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதவும். ஆறு மாதம் உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிப்பு என்ற வார்த்தை போதாது என்று தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தெரியாததைச் சொன்னீர்கள் என்று கோபம் இல்லை அக்கா. தெரிந்ததைச் சொன்னீர்கள் என்றுதான். எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. கிட்டார் கெட்டுவிட்டது என்றால் வேறு கிட்டார் வாங்கலாம், காது கெட்டால் எங்கே போய் வாங்குவது? அதனால் கிட்டாரையே வைதுகொண்டிருந்தேன்.

ஜூலையில் டாக்டரிடம் போனேன். காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் காத்திருந்தேன். நிற்கவில்லையாம். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. போனது திரும்பாது என்றார். மில் மெஷின் பக்கத்திலேயே இன்னும் ஐந்து வருஷம் நின்றால் பேச்சும் விழாமல் போகும் என்றார். "பஞ்சு மில்லுல இருந்துக்கிட்டு காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடுதான் வீட்டுக்கு வருவேன். காதில் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. வேலையைப் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரைச்சல் இல்லை, சம்பளம் குறைவு. மேயில் ஐயாதுரையிடம் போகவில்லை, அவர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். கிட்டாரை உறை போட்டு மூலையில் வைத்துவிட்டேன். செப்டம்பரில் பரிபூரணம்தான் எடுத்து முன்னால் போட்டாள். "செத்த நேரம் வாசிங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உள்ளி உரிப்பாள். சத்தம் குத்தினால் ஒரு விரலைத் தூக்குவாள். கம்பியை நடுவில் மீட்டினால் விரல் இறங்குகிறது, ஓரத்துக்குப் போனால் ஏறுகிறது. நகத்தால் மீட்டினால் ஏறுகிறது, சதையால் மீட்டினால் இறங்குகிறது. மூன்று மாதம் அவள் விரலைப் பார்த்துத்தான் வாசித்தேன். ட்ரெபிள் திருகில் அவள் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள். மூன்றில்.

ஹுமாயூன் வீட்டுக்குப் போனேன். "ஏலே, நீ எந்த நம்பர்ல வெப்ப?" என்று கேட்டேன். "மூணுலண்ணே" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். காதர் பாய்தான் எனக்காக மதுரைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே சேர்ந்தவன் மெட்ராஸுக்குப் போய்விட்டானாம்.

போன வாரம் அதே கல்கத்தாக் கிட்டாரோடு பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐயாதுரை கண்ணை மூடிக் கேட்டார். "இந்தப் பெட்டியிலயா இம்புட்டு இனிப்பு?" என்றார். எனக்கோ கம்பளியைச் சுற்றி வாசித்த மாதிரி இருந்தது. திருகின் பக்கம் கை போகத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவர் வேலை தருகிறேன் என்றதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறைத்துச் சேர மனம் வரவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் போட்டு, "மூணுக்கு மேல திருக மாட்டேன்னு எழுதிக் குடுத்துரும்" என்றார். சிரிக்காமல் சொன்னார். நானும் எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரியிலிருந்து மதுரை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கிறது. லீவுக்கு வரும்போது கேளுங்கள் அக்கா. கேட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
பொன்னுராஜ்


பம்பாய்
4.6.1989

பாசமுள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ரயிலில் கால் நீட்டியே வந்ததால் முட்டிக்குச் சேதமில்லை. பரிபூரணம் கட்டிக் கொடுத்த புளிச்சோறு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வந்தது. பாப்பாவுக்கு என் முத்தம்.

கச்சேரி முடிந்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் உன் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வாயால் சொன்னால் பாதி உனக்கு விழாது, மீதியை உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்வதாக நினைப்பாய். ஒரு தடவை பொய் சொன்னவள் அல்லவா நான். அதனால் பத்து நாள் யோசித்து எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தைகூட உன் மனம் குளிர எழுதியது இல்லை.

மினுமினுப்பு இருந்ததா என்றுதான் முதலில் கேட்பாய். பழைய மினுமினுப்பு இல்லை. அது கடையில் வாங்கின புதுப் பித்தளைச் செம்பு, கண்ணைப் பறிக்கும். இது வீட்டில் புழங்கிப் புழங்கிப் புளி போட்டு விளக்கின செம்பு. இரண்டாவது பாட்டில் கொஞ்சம் மந்தமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதில் சரியாகிவிட்டது. கீழ்க் கம்பிகள் பேசுகிற மாதிரி இருந்தன. நீ கம்பியை அமுக்கி லேசாக ஆட்டும்போது சத்தம் நடுங்கவில்லை, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. கருவிதான் என்று நீயும் விரல்தான் என்று நானும் எத்தனை தபால் செலவு செய்தோம்! அன்று அதெல்லாம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைப்பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். நீ மேல் கம்பிக்குப் போனதும் பிள்ளையின் காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள். பிறகு பொத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பாட்டில் நீ தனியாக வாசித்தாயே, அதில் உச்சியில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே கீழே இறங்கிவிட்டாய். உனக்கு அது முடிந்துபோயிருக்கும். அங்கே முடியவில்லை தம்பி. நீ விரலை எடுத்த பிறகும் அந்த மேல் சுரம் மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. நீ குனிந்து அடுத்ததை வாசித்துக்கொண்டிருந்தாய். நாங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உன் அக்கா,
ஜெயபாய்